விரால் ஈரல்

ஆர்.எஸ்.மங்கலம் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவள் உலகம்மாள். கண்மாய் மீன் வாங்குகிறவர்கள் அதை அவள் முன்னால் போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் சாம்பல் போட்டு உரசி, செதில் எடுத்து, துண்டு போட்டு வைத்திருப்பாள். குடலோடு போகிற ஈரலைப் பித்தப்பை உடையாமல் பிரித்துத் தன் சட்டியில் சேர்ப்பாள். கூலியோடு அதுவும் வெட்டுகிறவளுக்கு என்பது அங்கே வழக்கம்.

மகள் முருகலட்சுமி பிள்ளைத்தாய்ச்சியாக வீட்டுக்கு வந்ததிலிருந்து ஈரல் முழுவதும் அவளுக்குத்தான். மிளகு தட்டிப்போட்டு வறுத்துக் கொடுத்தால் சோறு இறங்கும். வேறு எது சாப்பிட்டாலும் வாந்தி.

ஒருநாள் காலையில் ஜெயப்பிரியா என்ற கல்லூரிப் பெண் குப்பிகளோடு வந்தாள். மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். செவுளும் ஈரலும் கேட்டாள்.

“கறிய விட்டுட்டுக் கழிவக் கேக்குறியேத்தா?”

“பெயின்ட், சோப்பு, சாயத்துணின்னு எல்லாத்துலயும் கண்ணுக்கே தெரியாத பொடி வருதுக்கா. சாக்கடையோட கண்மாயில கலந்துருது. செவுள் வழியாவும் இரை வழியாவும் மீனுக்குள்ள போயி ஈரல்லதான் நெறையத் தங்கும். கறியில கொறச்சல்.”

உலகம்மாளின் கை நின்றது.

“மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசுனா?”

“போகாதுக்கா.”

“பித்தப்பை மாதிரி கிள்ளி எடுத்துறலாமா?”

“பித்தம் தனியா ஒரு பையில இருக்கு. இது ஈரலுக்குள்ளயே ஊறிக் கெடக்கும்.”

“வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா? அதச் சொல்லு.”

ஜெயப்பிரியா தயங்கினாள். “இந்தக் கண்மாயில எவ்வளவு இருக்குன்னே இன்னும் தெரியலக்கா. அதத்தான் பாக்குறோம்.”

அது தெரிகிறவரை பிள்ளை காத்திருக்காது. அடுத்து விராலோடு வந்த விவசாயி பூமிநாதனிடம் உலகம்மாள் வாய்விட்டுக் கேட்டாள்.

“அண்ணே, ஈரல் வேணாம். ஒரு வால்துண்டு தாரீகளா?”

“பார்றா! ஈரலு சலிச்சுப்போச்சா? நாளைக்கு நடுத்துண்டு கேப்ப, நாளான்னைக்கு முழு மீனையும் கேப்ப!”

“எனக்கில்லண்ணே. மக சாப்பிடணும்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். வால்துண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு நடுத்துண்டு ஒன்றை அவள் சட்டியில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர் கொடுத்தார்கள், சிலர் காது கேட்காதது போல் நின்றார்கள்.

வீட்டில் முருகலட்சுமி தட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ஈரல் எங்கம்மா?”

“இனிமே அது கெடையாது. மிளகு அதே மிளகுதான், சாப்பிடு.”

பாதித் துண்டு இறங்கியது. தாய் குலசாமியை நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாந்தி வரவில்லை.

ஜெயப்பிரியாவின் குப்பிகளுக்குப் போக மிஞ்சிய ஈரலைப் பூனைக்கு வைக்கக் கொல்லைக்கு எடுத்துப்போனாள். பூனையும் குட்டி சுமந்து நிறைவயிறாக இருந்தது. ஆண்டவன் கொடுத்தது எந்த வயிறாக இருந்தால் என்ன? ஈரலைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பூனைக்குக் கொஞ்சம் சோறு வைத்தாள்.