கெடுக்காமல் எடுத்த படம்

நல்ல நாவலையெல்லாம் சினிமாக்காரர்கள் கெடுத்துவிடுகிறார்கள் என்று யாராவது குறைப்பட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கெடுக்காமல் எடுத்த ஒரே ஒரு படத்தால் எங்கள் வீடு பட்டது போதும்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த அப்பாவுக்குப் புத்தகப் பித்து. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மூச்சு நோயில் அவள் படுத்த வருடம், பேர்பெற்ற பழைய நாவல் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்து சாயங்காலங்களில் அவளுக்கு வாசித்துக் காட்டினார்; சிறுமியான நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பாதிக் கதையில் நாயகிக்கும் அதே நோய் வந்தது. அவர் நிறுத்தப் பார்த்தார், அம்மா விடவில்லை. நோயாளி காதில் சாவுச் சொல் விழக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். அதனால் அப்பா ஏட்டைப் பார்த்தபடியே, செத்துப்போகிற நாயகியைப் பிழைக்கவைத்து வாசித்தார். இது எனக்குத் தெரிந்தது வெகுகாலம் கழித்து. அன்றிலிருந்து அம்மா மாத்திரைகளை மறுக்காமல் வாங்கி விழுங்கினாள்.

கொஞ்ச நாளில் அந்த நாவல் படமாக வந்துவிட்டது. பிழைத்து நடக்கிறவளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். சினிமாக்காரர்கள் எந்தக் கதையை உள்ளபடி எடுத்தார்கள்? எப்படியும் பிழைக்கவைத்து ஒரு பாட்டும் போட்டுவிடுவார்கள் என்று நம்பி எங்களை பஸ் ஏற்றினார்.

அந்தப் பாவி டைரக்டர் எழுத்துக்கு எழுத்து நாவலை அப்படியே எடுத்திருந்தான். நாயகி செத்தாள்.

திரும்பும்போது வளைவுக்கு வளைவு நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். “கதையவே கெடுத்துப்போட்டாங்க,” என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தலையைத் தடவினாள். “உடு கண்ணு, சினிமாக்காரங்க அப்படித்தான்.”

மறுநாள் சாயங்காலம், “ஏனுங்க, அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொருக்கா படிங்க,” என்று கேட்டாள்.

“கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டேன் புள்ள.”

“ஏட்டப் பாக்காமயே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததாங்க?”

அப்பா சொன்னார். நாயகி எழுந்தாள், காட்டு வேலைக்கு நடந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ கொட்டினாள்.

மிளகு பறிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். படுக்கையைச் சுருட்டியபோது விழுங்காத மாத்திரைகள் கொட்டின. அப்பா ஏட்டைப் பார்க்காமல் சொன்ன அந்தச் சாயங்காலம், எங்கள் கதைதான் சரி, படம்தான் தப்பு என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த வீட்டில் நாயகி பிழைத்ததை நம்பியது நான் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியவில்லை.