பெரியப்பாவின் புது ஷூ

அக்காவின் கல்யாணத்தன்று காலையில், புது ஷூவுக்குள் பெரியப்பாவின் கால் நுழைய மறுத்துவிட்டது. சேலத்துக்குப் போய், போட்டுப் பார்த்து, அவரே வாங்கி வந்த ஷூ அது. அக்கா அவருடைய ஒரே மகள். மாதா கோயிலில் அவளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர், கட்டிலில் உட்கார்ந்து காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எங்கள் மலையில் மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் இடையே ஜீப் ஓட்டியவர். பீடி இல்லாத அவர் வாயை நாங்கள் பார்த்ததே குறைவு. கோயிலுக்குள் மட்டும் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார்.

பிள்ளைகள் நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவினோம். பவுடர் கொட்டினோம். குழம்புக் கரண்டியைக் குதிகாலில் செருகி நெம்பினோம். கால் அசையவில்லை.

"சேலத்து வெயில்ல தெச்ச தோலு கண்ணு. நம்மூர்க் குளுருக்குச் சுருங்கிப் போச்சு" என்றார். இடையில் இரண்டுமுறை மூச்சு வாங்கியது. வீடு முழுக்க அதை ஒப்புக்கொண்டு கடைக்காரனைத் திட்டியது. காலைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் கோட்டு போட்டு, டை கட்டி, கீழே நீலவார் ரப்பர் செருப்புடன் அக்காவை அழைத்துப் போனார். பாதி தூரத்தில் நின்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பிரிகிற துக்கம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

விருந்துக்கு வந்திருந்த டாக்டரம்மா மட்டும் அழவில்லை. நேராக வந்து பெரியப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எங்களுக்கு அது பெரிய அதிசயம். ஆளுக்கொரு குழி போட வரிசையில் நின்றோம்.

"பீடி எத்தன வருசமாக் குடிக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஏனுங்கம்மா, வீங்குனது காலுங்க. நீங்க பீடியக் கேக்கறீங்க?"

"புகை போயிப் போயி நுரையீரல் கெட்டுப்போச்சுங்க. அதுக்குள்ள ரத்தத்தத் தள்ளறதுக்குள்ள உங்க இதயம் நொம்பக் களைச்சுப் போகுது. தள்ள முடியாம ரத்தம் பின்னால தேங்குது. அதான் கால்ல நீர் எறங்குது."

பெரியப்பா யோசித்தார். "அப்ப எந்நேரமும் லோடோட மேடேத்தற மாதிரிங்களா?"

"ஆமாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அக்காவை வழியனுப்பாமல் நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அனுப்பிவிட்டே ஏறினார். ஜீப்பை என் அப்பா ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் "கியர மாத்துப்பா" என்று மூச்சுக்கிடையே அதட்டிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. பெரியம்மா வீட்டிலிருந்த பீடிக்கட்டுகளையெல்லாம் தேடியெடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள்.

ஒருவழியாகப் பெரியப்பா வீடு திரும்பினார். கால் மெலிந்திருந்தது. பீடிக்குப் பதிலாக வாயில் கிராம்பு. நுரையீரல் பழையபடி ஆகாது, கெட்டது மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

பெரியம்மா ஒரேயடியாக உப்பை நிறுத்தினாள். "அவிங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா? எல்லாரும் இதயேதான் திங்கோணும்" என்று வீட்டுக்கே உப்பில்லாத கோழிக்குழம்பு வைத்தாள். மறுவீட்டுக்கு வந்திருந்த அக்காவும் மாப்பிள்ளையும்கூட அதையே சாப்பிட்டார்கள்.

ஒரு வாய் வைத்ததும் எனக்குக் குமட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா விரலை நக்கிக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறினாள். இத்தனை சப்பென்ற குழம்பில் பெரியவர்களுக்கு மட்டும் அப்படி என்ன ருசி கிடைத்தது என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.