சூடாக ஒரு கிண்ணம்

சூப்புக்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது துறைமுகத்துக்கே தெரியும். உணவுத் திருவிழா அன்று கூட்டம் அலைமோதியதில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அடுப்படியில் நின்றாள்.

பாய்மரப் படகில் போகிற வழியில் தண்ணீர் பிடிக்கக் கரையொதுங்கிய வயதான தம்பதி அவளிடம் மீன் சூப்பு வாங்கினார்கள். கணவர் உட்கார்ந்து குடித்தார். மனைவியோ தன் கிண்ணத்தைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றாள். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

சூப்புக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னக்கா இது, ஐயா குடிச்சு முடிச்சாத்தான் உங்களுக்கா? எந்தக் காலத்துல இருக்கீங்க?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "ஐயோ, அதில்லம்மா! படகுல ஒருத்தர் சாப்பிட்டா இன்னொருத்தர் சுக்கானைப் பிடிக்கணும். காலையில இவர் காத்திருந்தார், இப்ப என் முறை. கரைக்கு வந்தும் பழக்கம் விடல."

கணவர் எழுந்து சூப்புக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "அது சரி, நீ சாப்பிட்டியாம்மா? உன் சுக்கானை யார் பிடிக்கிறது?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. பதில் வருவதற்குள் அவர் கரண்டியை வாங்கி, இரண்டு பெண்களுக்கும் சுடச்சுட ஊற்றினார். "அடியில நல்லா கலக்கி ஊத்துங்க" என்று அவரை அதட்டிக்கொண்டேதான் சூப்புக்காரம்மா உட்கார்ந்தாள்.

தினமும் கடை கட்டியபின் அடியில் ஆறிக் கிடப்பதைத்தான் அவள் குடித்திருக்கிறாள். ஆவி பறக்க முதல் வாய் உள்ளே இறங்கியதும் கண் கலங்கியது. ஊர் எதற்காகத் தன்னிடம் வரிசையில் நிற்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.