ஏழாம் ரூட் பஸ்ஸும் நான் கட்டிவிட்ட வேண்டுதலும்

1. ஆறு இருபது

அந்தத் திங்கட்கிழமை டைம் ஆபீஸுக்கு முதல் போன் காலை ஆறு இருபதுக்கு வந்தது. பேசியவர் ஏழாம் ரூட் கம்பெனி பஸ் டிரைவர் ஏழுமலை. பென்னலூர் ஸ்டாப்பில் வண்டி நிற்கிறது, பத்துப் பதினைந்து பேர் ஏறமாட்டேன் என்று கீழே நிற்கிறார்கள் என்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"அந்த லேப் பையன் பாவாட கட்டிகினு உள்ள குந்திகினு கீறான் சார். அவன எறக்கு, அப்பத்தான் ஏறுவோம்ன்றானுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் முதல் ஷிப்ட் ஏழு மணிக்கு. ஏழாம் ரூட்டில் வருபவர்களில் பாதிப் பேர் அசெம்பிளி லைன். அவர்கள் வராவிட்டால் லைன் ஓடாது. லைன் ஓடாவிட்டால் புரொடக்‌ஷன் மேனேஜர் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். டைம் ஆபீஸ் என்றால் பஞ்ச், லீவு, ஓ.டி. மட்டும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பஸ்ஸும் நம் தலையில்தான்.

போனை வாங்கிப் பேசியவர் தனசேகர். பென்னலூர்க்காரர், லைனில் சீனியர் ஆபரேட்டர். ஒன்பதாம் ரூட்டை எடுத்துவிட்டு அன்றுதான் அந்த ஆட்களை ஏழில் சேர்த்திருந்தோம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னால் பத்துப் பேர் பின்னால் நிற்பார்கள்.

"பொம்பளைங்க வர்ற வண்டி சார் இது. ஆம்பள பாவாட கட்டிகினு வந்தா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா? இது எங்க ஏரியா. நாங்க தலை காட்ட வேணாமா?"

லேப் பையன் தெற்கத்திக்காரர் என்பது மட்டும் எனக்குத் தெரியும், யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கொஞ்சம் மெதுவா பேசு தனசேகர். அவருக்கு ஏதோ வேண்டுதல்பா. தெற்க அவங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நாப்பத்தெட்டு நாள். விட்ருப்பா."

தென்மாவட்டத்தில் தசராவுக்கு வேண்டிக்கொண்டு ஆண்கள் பெண் வேஷம் கட்டுவார்கள் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அந்த அரைகுறை ஞானம் கைகொடுத்தது. எங்கள் குடும்பம் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சாமி விஷயத்தில் வரதன் சார் பொய் சொல்வார் என்று யாருக்கும் தோன்றாது.

"வேண்டுதலா? மொதல்லயே சொல்ல வேணாமா சார்?" என்றார் தனசேகர். குரல் இறங்கிவிட்டது.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. எப்பேர்ப்பட்ட பிரச்சினையை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

2. ஆள் யார்?

பஸ்ஸிலிருந்து இறங்கி பஞ்ச் அடிக்க வந்தபோது அன்றுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். முத்துவேல், குவாலிட்டி லேபில் டிப்ளமா டிரெய்னி. வயது இருபத்தாறு. சங்கரன்கோவில் பக்கத்து கிராமம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் டிரெய்னிங் முடிந்த கையோடு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் கன்பர்மேஷன் கிடைத்தால்தான் அவருக்கு நிரந்தர வேலை. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவர் கட்டியிருந்தது அடர்நீலக் காட்டன் ஸ்கர்ட். கணுக்கால் வரை இருந்தது. இடுப்பில் பட்டன், இரண்டு பக்கமும் பாக்கெட். ஒரு பாக்கெட்டில் ஐ.டி. கார்டு, இன்னொன்றில் போன். மேலே சாதாரண அரைக்கைச் சட்டை. லாக்கர் ரூமுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் யூனிபார்ம் பேண்ட் சட்டையில் வெளியே வந்தார். வேலை நேரத்தில் அவரும் மற்றவர்களும் ஒன்றுதான்.

அன்று மத்தியானம் ரூல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஷாப் ஃப்ளோரில் லுங்கி, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு கூடாது என்று இருந்தது. பஸ்ஸில் என்ன உடுத்தலாம் என்று ஒரு வரி இல்லை. ஸ்கர்ட் என்ற சொல்லே புத்தகத்தில் இல்லை, எழுதினவர்களுக்கு அப்படி ஒருவர் வருவார் என்று தோன்றியிருக்காது. காலையில் இதைப் படித்துவிட்டு, "ரூல் ஒண்ணும் இல்ல, ஏறி உக்காருங்க" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வேண்டுதல் என்று சொன்னதை முத்துவேலிடமாவது அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

3. சாமி

இரண்டே நாளில் அவர் பெயர் "சாமி" ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருப்பவர் எழுந்து, "குந்து சாமி" என்பார். கேன்டீனில் முட்டை வைக்கும் நாளில் அவருக்கு மட்டும் கேட்காமலே தனியாகத் தயிர் சாதம் வந்தது. மாலை போட்டவர்களுக்குச் செய்கிற எல்லா மரியாதையும் அவருக்கு நடந்தது. அசெம்பிளியில் ஒரு பெண், தங்கச்சிக்கு வரன் அமையவேண்டும், வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், நான் ஏதோ வேண்டுதல்ல இருக்கேன்னு நீங்க சொன்னதா சொல்லுதாங்க."

"ஆமாப்பா. அன்னைக்கு வண்டி நின்னு போச்சு. வேற வழி தெரியல."

"எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது சார். இதுதான் நான் உடுத்துற துணி. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன், வேண்டுதல் எல்லாம் இல்லன்னு. நம்ப மாட்டேங்காங்க. வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுல்ல சாமின்னு கையெடுத்துக் கும்பிடுதாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு மூணு வாரம் அப்படியே ஓட்டிருங்க தம்பி. கன்பர்மேஷன் வந்துரட்டும். உங்க நல்லதுக்குத்தான்."

அவர் லேபுக்குத் திரும்பிப் போய்விட்டார். நல்லதுக்குத்தான் என்று சொல்லும்போது எனக்கே அது உண்மையாகப் பட்டது. கிண்டல் இல்லை, தகராறு இல்லை, லைன் ஓடுகிறது. ஒரு டைம் ஆபீஸ்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

4. பிரியாணி

இரண்டு வாரம் ஓடியது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு பிரியாணிக் கடையில் முத்துவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதே நீல ஸ்கர்ட், முன்னால் மட்டன் பிரியாணி. பார்சல் வாங்க வந்த தனசேகர் அதைப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எச்.ஆர். மேனேஜர் சுகந்தி மேடத்தின் மேஜையில் ஒரு மனு இருந்தது. தெய்வத்தின் பெயரைச் சொல்லி எங்களை ஏமாற்றி, எங்கள் மனதைப் புண்படுத்தினார், இப்படிப்பட்டவருடன் ஒரே வண்டியில் வரமாட்டோம் என்று எழுதி பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னிடம் அப்படிச் சொன்னதே முத்துவேல்தான் என்று நினைத்து, என் பெயரை அதில் இழுக்கவில்லை. தங்கச்சிக்கு வரன் கேட்ட பெண்ணின் கையெழுத்தும் இருந்தது. பாவாடை என்று சிரித்தவர்களின் கோபம் வேறு, கும்பிட்டுவிட்டு ஏமாந்தவர்களின் கோபம் வேறு.

முத்துவேலைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேண்டுதல் என்று தான் யாரிடமும் சொல்லவில்லை என்றார். அப்படியானால் யார் சொன்னது என்று கேட்டதற்கு, தெரியாது என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை கன்பர்மேஷன் லிஸ்ட் போகவேண்டும். கம்ப்ளைன்ட் நிலுவையில் இருக்கிற டிரெய்னியின் பேர் அந்த லிஸ்ட்டில் போகாது.

அன்று சாயங்காலம் டூ வீலர் ஸ்டாண்ட் வழியாக பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

"ஏன் தம்பி என் பேரச் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார்."

அந்தத் திங்கட்கிழமை நான் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. ரிட்டயர்மென்டுக்கு எனக்கு எட்டு மாதம் இருந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்று பெருமை வேறு. இதை எழுதும்போதும் அந்த இரண்டு நாளை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

5. மேடத்தின் கேள்வி

புதன்கிழமை போய்ச் சொன்னேன்.

"மேடம், அந்த வேண்டுதல் நான் கட்டிவிட்டது."

சுகந்தி மேடம் பேனாவை மூடி வைத்தார். "நீங்களா? ஏன் சார்?"

"லைன் நின்னுரும்னு பயம்."

"பஸ்ல ஸ்கர்ட் போடக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"எங்கயும் இல்ல மேடம்."

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமே சார்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. எனக்கு மெமோ உண்டு என்றார். மனு கொடுத்தவர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதி வாபஸ் வாங்கினால்தான் முத்துவேல் பெயரை லிஸ்ட்டில் சேர்க்க முடியும், நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டால் எடுபடாது, அவர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள் என்றார்.

மறுநாள் என் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஆறு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஏழாம் ரூட் பஸ்ஸில் ஏறினேன். முத்துவேல் நான்காவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தார். அதே ஸ்கர்ட். பக்கத்து சீட் காலி. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். பென்னலூரில் தனசேகரின் ஆட்கள் ஏறினார்கள். முத்துவேலைப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் போனார்கள். சீட் இல்லாதவர்கள்கூட அந்தக் காலி இடத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழுமலையிடம் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. வேண்டுதல்னு சொன்னது நான். அவர் என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல. அவருக்கு வேண்டுதலே கிடையாது. அன்னைக்கு வண்டி கிளம்பணும்னு சாமி பேர்ல நான் பொய் சொன்னேன். தப்பு என்னுது. கோபம்னா என்னை ஏசுங்க."

தனசேகர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கோயில் குடும்பம் சார் நீ. நீயே இப்டி சொல்லலாமா?"

"சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, வேண்டுதல் இல்லன்னா இன்னாத்துக்குத்தான் அத்த கட்டிகினு வர்றாரு?"

"எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

எல்லோரும் முத்துவேலைப் பார்த்தார்கள். அவர் திரும்பி உட்கார்ந்தார்.

"புடிச்சிருக்கு. அதான் உடுத்துதேன். வேற ஒண்ணும் இல்லண்ணே."

"அவ்ளோதானா?" என்றார் தனசேகர். அவர் எதிர்பார்த்தது இதைவிடப் பெரிய விஷயம் போலிருக்கிறது.

"அவ்வளவுதான்."

முன் சீட்டில் ஒரு பெண் சிரித்தாள். "அப்ப அன்னைக்கு பிரியாணி துன்னது தப்பில்ல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னதும் வண்டியே சிரித்தது. முத்துவேலும் கொஞ்சம் சிரித்தார். "சார், மணி ஆவுது" என்று ஏழுமலை கியரைப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் பதினைந்து பேர் வாபஸ் எழுதிக்கொடுத்தார்கள். தனசேகர் கொடுக்கவில்லை. "பொய்யி நீ சொன்னது, அத்த ஒத்துக்கினேன். பாவாட எனக்கு ஒத்து வர்ல. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். ஒரு கையெழுத்தை மட்டும் வைத்துப் புகாரை நிலுவையில் வைத்திருக்க முடியாது என்று சுகந்தி மேடம் பைலை மூடினார். வெள்ளிக்கிழமை முத்துவேலுக்குக் கன்பர்மேஷன் லெட்டர் வந்தது. எனக்கு மெமோ வந்தது.

6. காலி சீட்

பர்மனென்ட் ஐ.டி. கார்டு வாங்க வந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை.

"ஒம்பதாம் ரூட்ட எடுத்துட்டு அந்த ஆளுங்கள ஏழுல சேத்தீங்கல்லா சார், அந்தத் திங்கக்கிழமைதான் அவங்க என்ன முதல் தடவ பாத்தாங்க. பழைய ஆளுங்க ஒருத்தர்கூட அன்னைக்குக் கீழ எறங்கல, கவனிச்சீங்களா? அவங்களும் முதல்ல சிரிச்சவங்கதான். மூணு மாசம் தெனமும் அதே துணியில போயிப் போயி ஒவ்வொருத்தரா பழகிட்டாங்க. ஒரு அண்ணன் எந்த டெய்லர்னுகூடக் கேட்டாரு. நீங்க சாமின்னு சொன்னதும் அவங்களும் கும்புட ஆரம்பிச்சிட்டாங்க. இனி நான் முதல்லேர்ந்து போகணும்."

வண்டி நின்றதும் கீழே நின்ற பதினைந்து பேரைப் பற்றியே நான் யோசித்தேன். உள்ளே அவரோடு உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பேரை யோசிக்கவில்லை. டைம் ஆபீஸுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ரூலில் இல்லாததற்குக் காரணம் தேடிக் கொடுக்காதீர்கள். ரூல் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அன்று வண்டி பத்து நிமிடம் தாமதமாகும். ஆகட்டும்.

அடுத்த வாரத்திலிருந்து நான் ஏழாம் ரூட்டிலேயே வர ஆரம்பித்தேன். முத்துவேல் பக்கத்து சீட் காலியாகவே இருந்ததால் அதில் உட்கார்ந்தேன். நாங்கள் அதிகம் பேசவில்லை. அவர் போனைப் பார்ப்பார், நான் பேப்பர் படிப்பேன். சில பேர் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. ஒரு மாதம் இப்படிப் போனது.

பிறகு ஒரு காலை ஏறியபோது அந்த சீட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், தனசேகரின் ஆட்களில் ஒருவர். வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை முத்துவேலின் தோளில் சாய்ந்திருந்தது. வேறு சீட் இல்லை. ஒரகடம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.