தாய்க்காந்தத்தின் சிவப்புப் புள்ளி

காந்தக்காரி பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். பல் செட்டு செய்யும் பட்டறையில் பன்னிரண்டு வருடம் அச்சு வார்த்தவள். மயிரிழை பிசகினாலும் வாயில் உட்காராது என்று அங்கே பிடித்த பயம், பல்லோடு நிற்காமல் ஆட்கள்மேலும் பரவிவிட்டது.

வேலையை விட்டபின் வீட்டுப் பின்னறையில் பிசின் பிரமிடுகள் வார்த்தாள். ஆறு பிரமிடுகளின் கூர்முனைகளைச் சேர்த்தால் ஒரு கனசதுரம். ஒவ்வொரு சாய்முகத்துக்குள்ளும் இரண்டு பொட்டுக் காந்தங்கள். இடப்பக்கம் வடமுனை வெளியே பார்க்கும், வலப்பக்கம் தென்முனை. முனை பார்க்க ஒரு தாய்க்காந்தம் வைத்திருந்தாள். அதன் வடமுனையில் சிவப்புப் புள்ளி.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முதல் தொகுதியை வாங்கி, இன்னொன்றும் கேட்டது. அதற்குக் கைகொடுக்க நாத்தனார் வந்தாள். காந்தம் பதித்ததெல்லாம் அவள்தான்.

அனுப்பி வைத்த மறுநாள் கணக்கு வாத்தியார் போன் செய்தார்.

"பழசு பழசோட சேருது, புதுசு புதுசோட சேருது. ரெண்டையும் கிட்ட கொண்டுபோனா சம்பந்திச் சண்டை மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்குது. என்னன்னு பாருங்கம்மா. இல்லைன்னா மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கோங்க."

ஒன்றிரண்டு காந்தம் முனை மாறினால் கைத்தவறு. ஒன்று விடாமல் மாறினால்? தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு தன் பழைய சரக்கை மட்டும் உதறித் தள்ளும் பிரமிடுகள்! தனிக்கடை போட நினைக்கிறவளின் வேலை அல்லவா இது? இரண்டு நாளாகப் படிக்கட்டில் நின்று குசுகுசுவென்று போன் பேச்சு வேறு. பையைக் கக்கத்திலிருந்து இறக்குவதே இல்லை. இன்றோடு நாத்தனாரை அனுப்பிவிட வேண்டியதுதான்.

"பையைத் திற."

"என்ன அண்ணி?"

"திறன்னு சொன்னேன்."

முதல் தொகுதியில் மிஞ்சிய பழைய பிரமிடு ஒன்று, கைக்குட்டையில் சுற்றியபடி வெளியே வந்தது.

"மாதிரிக்கா? அச்சையும் தூக்கிட்டுப் போயிருக்கலாமே!"

நாத்தனார் தாய்க்காந்தத்தை எடுத்து, புள்ளியிருந்த பக்கத்தைப் பழைய பிரமிடின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். வடக்கும் வடக்கும் விலக வேண்டும். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இந்தப் புள்ளியை வெச்சது யாரு அண்ணி?"

காந்தக்காரி குனிந்து பார்த்தாள். பளபளவென்று இருந்தது. பெயின்ட் இல்லை, நகப்பூச்சு. பழைய புள்ளி தேய்ந்துபோய், தன் குப்பியைத் திறந்து தானே வைத்தது.

"பழைய துண்டுல ஒட்டிப் பார்த்துட்டு வைக்கலாமான்னு அப்பவே கேட்டேன். 'பன்னெண்டு வருஷம் பல்லு பார்த்த கண்ணுடி இது'ன்னீங்க."

"தெரிஞ்சதும் சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கே நேத்து அனுப்பினப்புறம்தான் தெரிஞ்சுது. வெறும் வாயால சொன்னா நான்தான் மாத்திட்டேன்னு சொல்லியிருப்பீங்க. அதான் ஆதாரத்தைக் கையில வெச்சிருந்தேன்."

அப்படியானால் படிக்கட்டில் யாரோடு பேச்சு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வாத்தியாருக்குப் போன் போட்டாள். "தப்பு என்னோடதுங்க சார். எல்லாத்தையும் புதுசா வார்த்துத் தரேன். பத்து நாள் குடுங்க."

அவள் பேசி முடிப்பதற்குள் நாத்தனார் புள்ளியைச் சுரண்டிவிட்டு, பழைய பிரமிடில் இரண்டு தடவை ஒட்டிப் பார்த்து, மறுபக்கம் புதுப்புள்ளி வைத்திருந்தாள். தாய்க்காந்தத்தையும் நகப்பூச்சுக் குப்பியையும் தன் பைக்குள் போட்டாள்.

"இது ரெண்டும் இனிமே என்கிட்டயே இருக்கட்டும் அண்ணி."

ஜிப்பை இழுத்து மூடினாள். மூடியிருக்கிறதா என்று, அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.