கழுத்தில் பட்ட வார்

போன வாரம் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றினார்கள். திண்டுக்கல்லில் இப்போது அதுதான் மோஸ்தர். எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டிருக்க, எனக்குக் குதிரை வியர்வை வாடைதான் வந்தது. வியர்வையும் தோல்வாரும் கலந்த அந்த வாடை வந்தால் சவரி அண்ணன் நினைவு வந்துவிடும், தடுக்க முடியாது.

சவரிமுத்து என் பெரியப்பா மகன். தாடிக்கொம்புப் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பம். பட்டாளத்தில் குதிரை தேய்க்கிற வேலைக்குப் போனவர், ஐம்பதுகளில் போலோ சாம்பியனாகிவிட்டார். ஜெய்ப்பூர், டெல்லி என்று ஆடினார். கோப்பையோடு நிற்கும் போட்டோ வந்தது. குதிரை மேல் உட்கார்ந்து நீளக் கம்பால் பந்தை அடிக்கும் ஆட்டம் என்று எங்களுக்கு விளக்குவதற்குள் அவருக்கு லீவு முடிந்துவிடும்.

"ஏன் அப்பு, எறங்கி நின்னு அடிச்சா லேசா இருக்குமுல்ல?" என்று கேட்டது என் அப்பாதான்.

ஒரு ஆட்டத்தில் விழுந்து முழங்கால் போனது. அறுபதுகளின் நடுவில், பட்டாளம் கழித்துவிட்ட ராணி என்ற பெண் குதிரையோடு ஊர் திரும்பினார். கோப்பைகளெல்லாம் பட்டாளத்துக்குச் சொந்தமாம். இவருக்கு மிஞ்சியது ராணி. கம்பு சிக்காமலிருக்க போலோ குதிரைக்குப் பிடரிமயிரை மழித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களோ, பழனிக்கு மொட்டை போட்ட குதிரை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது யாருக்கு ஞாபகம்!

அண்ணனால் ஏறி உட்கார முடியவில்லை. "சும்மா கட்டிப்போட்டா ஏங்கிச் செத்துரும்லே" என்று, பேகம்பூரில் ஜட்கா வண்டி ஓட்டிய காதர் பாய்க்கு அவளைக் கொடுத்துவிட முடிவு செய்தார். நான் அப்போது மாட்டாஸ்பத்திரியில் புதுக் கம்பவுண்டர். கொண்டுபோய் விடும் வேலை எனக்கு.

"கழுத்துல ஒரு பக்கம் கடிவாள வாரு பட்டா மறுபக்கம் திரும்பிரும். ஆட்டத்துக்கு அப்படித்தான் பழக்கிருக்கேன். பாய்கிட்ட மறக்காமச் சொல்லிரு" என்றார்.

மறக்கவில்லை. முப்பது வருஷம் குதிரை ஓட்டியவருக்கு, மாட்டுக்கு மருந்து கலக்குகிற நான் பாடம் எடுப்பதா என்று கூச்சம். பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் ஒழுங்காக ஓடினாள். பதினோராம் நாள் ஸ்டேஷன் ரோட்டில், பீடி பற்றவைக்கப் பாய் வாரைத் தளரவிட்டிருக்கிறார். அது இடப்பக்கக் கழுத்தில் விழ, ராணி சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். எதிரே டவுன் பஸ். பாய் சிராய்ப்போடு தப்பித்தார். ராணிக்கு முன்னங்கால் இரண்டும் போயின. டாக்டர் வந்து கடைசி ஊசி போட்டார். தலையைப் பிடித்துக்கொண்டது நான். அழுகை வரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மத்தியானச் சோறும் சாப்பிட்டேன்.

அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். அடிபட்ட பாயைக் குடைந்து கேட்கிற ஆள் இல்லை அவர். என்னைத்தான் கேட்டார்.

"பாய்கிட்டச் சொன்னியாலே?"

"சொன்னேண்ணே."

ராணியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் பழக்குனதுதான் சரியில்ல" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினார். அதன்பின் யார் போலோ பற்றிக் கேட்டாலும், "நமக்கு அம்புட்டாத் தெரியாதுப்பா" என்பார்.

இப்போது பாயும் இல்லை, அண்ணனும் இல்லை. ஜட்காக்கள் நின்ற இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. அந்தப் பகலுக்குப் பிறகு இருபது வருஷம் அண்ணனும் நானும் எத்தனையோ பந்திகளில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.