விக்னேஷுக்குப் பத்துக்குப் பத்து

கல்லூரி குரூப் ப்ராஜெக்டில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் வேலை செய்தோம். நான்காவது ஆள் விக்னேஷ். செமஸ்டர் முழுக்க அவன் போட்டது வாட்ஸப்பில் கட்டைவிரல் எமோஜி மட்டும்.

இன்று ஒருவருக்கொருவர் ரகசியமாக மார்க் போட வேண்டிய நாள். துபாய் ஜெபல் அலியில் வேலை முடிந்து அப்பா என்னைக் காரில் கூட்டிப்போக வந்தார்.

"விக்னேஷுக்கு முட்டைதான்பா" என்றேன்.

அப்பா காரை ஓரம் கட்டிவிட்டார்.

"அம்மாடி, அவங்க அப்பாதான் என் மேனேஜர். அடுத்த மாசம் விசா ரின்யூவல். என் விசா போனா நம்ம நாலு பேரும் ஊருக்குத்தான்."

பத்துக்குப் பத்து போட்டேன். 'நல்ல உழைப்பாளி' என்றும் எழுதினேன்.

அனுப்பிய கையோடு விக்னேஷிடமிருந்து மெசேஜ்: "உனக்கு அஞ்சுதான் போட்டேன். டீம்வொர்க் பத்தல. தப்பா எடுத்துக்காத."

பதிலுக்கு நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

உங்கள் குரூப்பில் இருப்பது யாருடைய மேனேஜரின் பிள்ளை?